களா விதைக்கு எக்ஸ்பைரி டேட் உண்டு!

அன்னவாசல் தாண்டி இலுப்பூர் பஸ்ல போற ஃப்ரெண்ட்ஸ், ஜன்னல் சீட் கிடைச்சா கொஞ்ச நேரம் செல்லை உள்ளே வெச்சுட்டு ரோட்டோரம் பாருங்க. தைலமரமும் சீமைக்கருவேலமும் வரிசை கட்டி நிக்கும். நடுவுல எங்கேயாவது பளபள இலையும் கவட்டை முள்ளுமா ஒரு குட்டைப் புதர் தெரிஞ்சா, அதுதான் களா. பச்சையா இருந்து சிவந்து, அப்புறம் கறுத்துப் பழுக்கும். உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, டவுசர் பாக்கெட் கறையோட கதை சொல்வார்.

‘பெர்ரி’ன்னதும் சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் டப்பாதானே ஞாபகம் வருது? களாவும் பெர்ரிதான் பாஸ். கூடவே மஞ்சளா பழுக்கற காரை, கறுப்பு மணி மாதிரி இருக்கற சூரை. மூணுமே நம்ம செம்மண் காட்டுச் சொத்து, மூணுக்குமே முள் உண்டு. வெயிலும் வறட்சியும் பழகின ஜாதி.

இதெல்லாம் இப்போ எங்கே மிச்சம் இருக்குன்னா, பெரும்பாலும் கோவில் காட்டுல. புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க ஐயனாருக்கும் கருப்பருக்கும் விட்ட காடுகள் சிதறிக் கிடக்கு. சுள்ளிகூட ஒடிக்கக் கூடாதுங்கற கட்டுப்பாடுதான் அந்தப் புதர்களைக் காப்பாத்தியிருக்கு. இன்னொரு இடம் வயல் வேலி. அங்கேதான் சிக்கல். உயிர்வேலி இருந்த இடத்துல கல்லுக்காலும் கம்பியும் வந்தா களா போச்சு. 2017-ல ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவால சீமைக்கருவேலத்தைப் பிடுங்கற வேலை பல மாவட்டத்துல நடந்துச்சே, நல்ல விஷயம்தான். ஆனா ஜே.சி.பி.க்கு கருவேலம் எது, களா எதுன்னு தெரியாது!

நம்ம காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப்ல என்ன நடறோம்? வேம்பு, புங்கம். போட்டோ எடுத்துட்டு வந்துடறோம், மறுவாரம் ஆடு மேய்ஞ்சுடுது. 2022-ல தொடங்கின பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தோட பசுமைப் பரப்பை 33 சதவீதமா உயர்த்தணும்னு இலக்கு வெச்சிருக்கு. அதுல புதருக்கும் ஒரு இடம் போட்டு வைப்போமே! முள் முத்திட்டா களாகிட்ட ஆடு அவ்வளவா நெருங்காது, கூண்டுச் செலவு மிச்சம்.

சரி, மேட்டருக்கு வருவோம். குளிர் நாட்டுல காட்டு பெர்ரி விதையை ஈர மணல்ல கலந்து மாசக்கணக்கா ஃப்ரிட்ஜுல வெப்பாங்க. பனிக்காலம் முடிஞ்சுதுன்னு விதை நம்பினாத்தான் முளைக்கும். அதைப் படிச்சுட்டு களா விதையை ஃப்ரிட்ஜுல வெச்சீங்கன்னா அவ்வளவுதான். களா விதை தூங்கறதே இல்லை. காயக் காய உயிர் போயிடும். டப்பாவுல போட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னா தேறாது.

அதனால ஆடி, ஆவணியில நல்லா கறுத்த பழமாப் பார்த்துப் பறிங்க. கோவில் காடுன்னா பூசாரிகிட்டயோ ஊர்ப் பெரியவர்கிட்டயோ கேட்டுட்டு, கீழே விழுந்ததை மட்டும் பொறுக்குங்க. பாதியைக் குருவிக்கும் மயிலுக்கும் விட்டுடணும், காட்டுல விதை போடற வேலையைக் காலங்காலமா பார்க்கறது அதுங்கதான். (பேர் தெரியாத பழத்தை வாயில வெச்சு வீரம் காட்டாதீங்க, ப்ளீஸ்.) பழத்தைத் தண்ணியில பிசைஞ்சா பாலும் சதையும் போய் தட்டை தட்டையா விதை வரும். நிழல்ல ஒரு ராத்திரி உலர்த்தினா போதும். மறுநாளே செம்மண், மணல், மக்கின எரு சமமா கலந்த பையில அரை அங்குல ஆழத்துல ஊனிடுங்க. ஓட்டை போட்ட பால் பாக்கெட்கூட போதும். முளைக்க சில வாரம் ஆகும், தினம் தோண்டிப் பார்க்காதீங்க!

காரைக்கும் இதே வழிதான். சூரையும் அதோட சொந்தக்காரன் இலந்தையும் வேற டைப். கல்லு மாதிரி கொட்டை. இலந்தைக் கொட்டையை லிட்டருக்கு சுமார் 170 கிராம் உப்பு கரைச்ச தண்ணியில போட்டா சொத்தை மிதக்கும். மூழ்கினதைக் கழுவி, உள்ளே பருப்பு நசுங்காம மெதுவா ஓட்டை உடைச்சு ஊனினா ஒரு வாரத்துலயே முளை விடும். உடைக்காட்டி மூணு, நாலு வாரம் இழுக்கும்.

‘எவன்டா இதுக்கெல்லாம் மெனக்கெடுவான்’னு கேக்கறீங்களா? ஆரோவில்லைப் பாருங்க. 1968-ல அந்த நகரம் தொடங்கினப்போ மழை அரிச்ச செம்மண் மேடுதான் இருந்துச்சு. சுத்துவட்டாரக் காடுகள்ல மிஞ்சியிருந்த மரம், புதர்கள்ல இருந்து விதை சேகரிச்சு, நாத்து விட்டு, இன்னிக்கு அங்கே காடே நிக்குது. அங்கே வளர்த்த வறண்ட பசுமைமாறாக் காடுங்கறது நம்ம கோவில் காட்டோட அதே இனம்தான்.

களா நாத்து மெதுவாத்தான் வளரும். ஒரு வருஷம் பையிலயே இருக்கட்டும். அடுத்த ஐப்பசி மழையில நடுங்க. வேலிக்குன்னா மூணடிக்கு ஒரு செடி. முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணி வேணும். செமஸ்டர் லீவும் அப்போதான் வரும், அதனால ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்த லோக்கல் ஃப்ரெண்ட் ஒருத்தரைப் பிடிச்சு வெச்சுட்டுப் போங்க.