மெரினா கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவினால்

காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் காவலர்கள் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். அதில் பெற்றோரின் கைப்பேசி எண் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் "அப்பா பேரென்ன?" என்று கேட்டால் "அப்பா" என்றுதானே பதில் வரும்!

மற்ற நாட்களில் பட்டை கட்ட ஆளில்லை. சென்னையைச் சுற்றிப்பார்க்க வரும் குடும்பங்கள் வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை என்பதையெல்லாம் விசாரித்துவிடுகின்றன. ஐந்து வயது வரை அரசுப் பேருந்தில் டிக்கெட் வேண்டாம் என்பதும் தெரியும். பிள்ளை கூட்டத்தில் தவறினால் என்ன செய்வது என்பதுதான் பல வீடுகளில் பேச்சிலேயே வராது.

கிளம்பும் முன் சட்டையின் உள்மடிப்பில் இரண்டு பேரின் எண்ணைப் பேனாவால் எழுதிவிடலாம். பெயரை வெளியே தெரிய எழுதாதிருப்பது நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளை தெரிந்தவரென்று நம்பிவிடும். அன்று போட்ட உடையோடு ஒரு முழு உருவப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் நீலச் சட்டையா, பச்சையா என்று பெற்ற தாய்க்கே குழம்பும்.

காணவில்லை என்றதும் பக்கத்திலுள்ள காவலரிடம் சொல்லிவிட்டு அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். "ஒரு நாள் பொறுத்துப் பாருங்க" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை. குழந்தை காணாமல் போன புகாரை வழக்காகவே பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்றே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. "இது எங்க எல்லையில்ல" என்ற பதிலும் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் உயரதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது.

மெரினாவில் கடலில் குளிக்கத் தடை உண்டு. "காலை மட்டும் நனைச்சுக்கட்டும்" என்ற சலுகையை வீட்டாரே கொடுத்துவிடுகிறார்கள். திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும்போது, முழங்காலளவு தண்ணீரே சின்னப் பிள்ளையைச் சாய்த்துவிடும்.

கரையேறினால் தின்பண்டம். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தமிழக அரசு தடை விதித்தது. அடர்ரோஜா நிறத்தில் கண்ணைப் பறிக்கும் எதையும் வாங்காமல் நகர்வதே மேல். உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகாரும் செய்யலாம். தண்ணீர் பாட்டிலுக்குக் கடைக்காரர் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், நுகர்வோர் உதவி எண் 1915. உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் மட்டும் இந்தப் புகார் எடுபடாது. அங்கே கூடுதல் விலை வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.