சில்லின் அளவும் செல்லும் வழியும்

கரடுமுரடான பாதைகளுக்கென அமைந்த நெடும்பயண மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் முன்சில்லு 21 அங்குலமாகும். பெரிய சில்லு கல்லையும் குழியையும் எளிதிற் கடக்கும். தார் வீதியிலோ 19 அங்குலச் சில்லு விரைந்து திரும்பும். ஆதலால் அதனை மாற்றிப் பூட்டச் சிலர் விரும்புகின்றனர். அதற்குமுன் சிறிது கணக்குப் பார்த்தல் நன்று.

90/90-21 எனும் ரயரில் முதலெண் அகலம், 90 மில்லிமீற்றர். இரண்டாவது, அவ்வகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு ரயரின் உயரம் என்பதைக் குறிக்கும்; அதாவது 81 மில்லிமீற்றர். இறுதியெண், ரயர் பொருந்தும் வளையத்தின் விட்டம். எல்லாம் சேர, முழு விட்டம் ஏறக்குறைய 695 மில்லிமீற்றர். 110/80-19 ரயருக்கோ 659 மாத்திரமே. எனவே முன்னச்சு 18 மில்லிமீற்றர் தாழும். வண்டி இலகுவாகத் திரும்பும். ஆனால் நேரோட்டத்தின் உறுதி குறையும்.

ஒரு சுற்றிற் கடக்கும் தூரமும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும். முன்சில்லைக் கொண்டு வேகம் அறியும் மானி அதனால் மிகைவேகம் காட்டும். இரு சில்லுகளின் சுழற்சியையும் ஒப்பிடும் ஏ.பி.எஸ். பிறேக்கும் பிழைபடக்கூடும். அவசரவேளையில் உயிர் அதனை நம்பியன்றோ இருக்கின்றது!

ஆகவே, பிறர் வண்டியின் அழகைக் கண்டு மயங்காதீர்கள். நீங்கள் அதிகம் செல்லும் வழி எது என முதலிற் சிந்தியுங்கள். அது தார் வீதியேயாயின், சில்லை மாற்றாது, அதே அளவில் வீதிக்கேற்ற ரயரைப் பூட்டுங்கள். செலவும் சிறிது, ஆபத்தும் இல்லை.