மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஸ்போர்ட்டி கார் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க

முதல் இன்க்ரிமென்ட், அடுத்து ஒரு கம்பெனி மாற்றம், சம்பளம் சட்டென்று ஏறுகிறது. உடனே மனசுக்குள் ஒரு கார் வந்து நிற்கும். அதுவும் சும்மா கார் இல்லை, மிதித்தால் பறக்கிற கார். ஷோரூமுக்குப் போனால் சேல்ஸ் தம்பி கேட்கும் முதல் கேள்வியே, "சார், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? ஒரு லட்சம்தான் வித்தியாசம்."

அந்த "ஒரு லட்சம்தான்" பற்றித்தான் இந்தப் பதிவு. அது ஒரு லட்சம் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வோம். உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் நம்ம சம்பளத்துக்கு வராது. ஆனால் அந்த உலகத்தில் நடந்த ஒரு சண்டை நமக்கும் உதவும். போர்ஷே 2013ல் தன் 911 ஜிடி3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டும் கொண்டு வந்தது. பிடிகே என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் அது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 2016ல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் செய்தார்கள். அவை வாங்கின விலையைவிட மிக அதிகத்துக்குக் கைமாறின. 2017ல் ஜிடி3க்கே மேனுவல் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த தலைமுறை ஜிடி3யில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட பிடிகேவுக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9 விநாடி. அதாவது வேகம் வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக். மேனுவல் வாங்குபவர் அரை விநாடியை விட்டுக்கொடுத்து சந்தோஷத்தை வாங்குகிறார்.

வெளிநாட்டு வீடியோக்களில் "மேனுவல் வாங்கு, ரீசேல் ஏறும்" என்று சொல்வது இந்த மாதிரி அபூர்வக் கார்களுக்குத்தான். நம்ம ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடும் ஹேட்ச்பேக்குக்கு அது பொருந்தாது. சென்னையில் பழைய கார் தேடுகிற பலருக்கு ஆட்டோமேட்டிக்தான் வேண்டும். எனவே ரீசேலை நம்பி மேனுவல் எடுக்காதீங்க.

சரி, நம்ம பட்ஜெட்டுக்கு வருவோம். ஹூண்டாய் ஐ20 என் லைனை எடுத்துக்கலாம். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர் டார்க். ஹூண்டாய் தொழிற்சாலை நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கு. 2021ல் வந்தபோது ஐஎம்டி என்று கிளட்ச் பெடல் இல்லாத மேனுவலும், 7 கியர் டிசிடி ஆட்டோமேட்டிக்கும் கொடுத்தார்கள். 2023ல் ஐஎம்டியைத் தூக்கிவிட்டு முறையான 6 கியர் மேனுவல் வந்தது. ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல செய்தி.

அந்த 2023 செப்டம்பர் அறிமுக விலையில் என்6 மேனுவல் 9.99 லட்சம். அதே என்6 டிசிடி 11.10 லட்சம். வித்தியாசம் 1.11 லட்சம், சேல்ஸ் தம்பி சொன்ன "ஒரு லட்சம்தான்" சரியாகத்தான் இருக்கு. இது எக்ஸ்-ஷோரூம் விலை.

இப்போ தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸைச் சேர்ப்போம். 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%. கூடுதலான தொகைக்கு மட்டும் 18% என்று நினைக்காதீங்க, இது இன்கம் டாக்ஸ் ஸ்லாப் மாதிரி இல்லை. 10 லட்சத்தைத் தாண்டினால் முழு விலைக்கும் 18%.

மேனுவலுக்கு டாக்ஸ் 1,29,870 ரூபாய். டிசிடிக்கு 1,99,800 ரூபாய். கிட்டத்தட்ட 70,000 ரூபாய் வித்தியாசம் டாக்ஸில் மட்டும்! அதில் 55,500 ரூபாய், கோட்டைத் தாண்டியதற்கான அபராதம் மாதிரிதான். விலை வித்தியாசத்தோடு சேர்த்தால் 1.81 லட்சம். இன்ஷூரன்ஸ் பிரீமியமும் கொஞ்சம் கூடும், அதை விட்டுடலாம்.

2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்தது. அதனால் இன்றைய விலைப் பட்டியல் வேற மாதிரி இருக்கும். நீங்க பார்க்கும் வேரியன்ட் 10 லட்சம் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மட்டும் கொட்டேஷனில் பாருங்க. இரண்டுமே ஒரே பக்கம் என்றால் கதையே மாறிடும். பெங்களூருவில் வேலை என்றால் அங்கத்து விகிதத்தைப் போட்டுப் பாருங்க.

இந்த 1.81 லட்சத்தை 9.5% வட்டியில் 5 வருஷக் கடனாக எடுத்தால் மாசம் 3,800 ரூபாய். பல இடங்களில் கடன் எக்ஸ்-ஷோரூம் விலைக்குத்தான் கிடைக்கும், டாக்ஸ் நம்ம கையிலிருந்து போகும். அப்படியென்றால் டவுன் பேமென்டிலேயே 70,000 கூடுது என்று அர்த்தம். அதே 3,800ஐ 5 வருஷம் எஸ்ஐபியில் போட்டு 10% வளர்ந்தால் சுமார் 2.94 லட்சம் ஆகும். 10% யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை, ஒரு அளவுக்காகச் சொல்றேன்.

இதைப் படித்ததும் "அப்போ மேனுவல்தான்" என்று முடிவு பண்ணாதீங்க. கணக்கின் இன்னொரு பக்கமும் இருக்கு.

மாசம் 3,800 என்பது 22 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 173 ரூபாய். தினமும் காரில் சோழிங்கநல்லூரிலிருந்து டைடல் பார்க் போய் வர்றவங்க, ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்க. 173 ரூபாய்க்கு இடது கால் தப்பிக்கிறது என்றால் அது அநியாய விலை இல்லை. ஆபீஸுக்கு மெட்ரோ அல்லது கேப், கார் எடுப்பது சனி ஞாயிறு ஈசிஆருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை கொல்லிமலைக்கும்தான் என்றால்? அந்த 70 கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரை நாமே போட்டு ஏறும் சுகத்துக்குக் குறைந்த விலையும் சேர்ந்து வருகிறது. எதுக்கு யோசிக்கணும்?

வீட்டில் வேற யார் ஓட்டுவாங்க என்பதும் முக்கியம். அம்மாவோ மனைவியோ ஆட்டோமேட்டிக் என்றால்தான் சாவியை எடுப்பாங்க என்றால், மேனுவல் காரில் நீங்கதான் குடும்ப டிரைவர். அனுபவத்தில் சொல்றேன்.

வாரன்டி முடிந்த பிறகு என்ன ஆகும்?

இதைத்தான் யாரும் ஷோரூமில் பேசுவதில்லை. நானே அடிபட்டுத் தெரிந்துகொண்டது. சில வருஷம் முன்னாடி ஐந்து வருஷப் பழைய டர்போ ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினேன், இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயர் வேண்டாம். ஏழாவது மாசம் பெருங்குடி பக்கம் சிக்னலில் கியர் எழுத்து மின்ன ஆரம்பித்தது, வண்டி நகரவே இல்லை. டோ பண்ணிக் கொண்டு போனால் கிளட்ச் பேக்கும் மெக்கட்ரானிக்ஸும் மாற்றணும் என்று எஸ்டிமேட் 1,60,000 ரூபாய். "ஜீரோ டெப் எடுத்திருக்கேனே" என்று இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டேன். மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கு கிளெய்ம் கிடையாது என்று பாலிசியில் இருப்பதைப் படித்துக் காட்டினார்கள். தப்பு என்னுடையதுதான், நான் படிக்கவே இல்லை. எமர்ஜென்ஸி ஃபண்டில் பாதி அன்றைக்குப் போனது. அடுத்த மாசம் தங்கச்சி நிச்சயதார்த்தம். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பர்சனல் லோன் எடுத்தேன்.

ஏன் இப்படி ஆகிறது? இரட்டை கிளட்ச் என்றால் உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கு. ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு, இன்னொன்று 2, 4, 6க்கு. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்பதால்தான் அவ்வளவு வேகமாக மாறுகிறது. ஆனால் விலை குறைந்த கார்களில் வருவது பெரும்பாலும் டிரை கிளட்ச், குளிர வைக்க ஆயில் இல்லை. நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும்போது அது மேனுவலில் நாம் ஹாஃப் கிளட்ச் போட்டு ஓட்டுவது மாதிரிதான், சூடாகிக்கொண்டே இருக்கும். ஃபோக்ஸ்வாகன் 2013ல் சீனாவில் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் பிரச்சனைக்காகப் பெரிய ரீகாலே செய்தது. பிறகு இந்த கியர்பாக்ஸ்களில் நிறைய திருத்தம் வந்துவிட்டது, எல்லாமே கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம். கெட்டால் செலவு பெரிது, அவ்வளவுதான். மேனுவலில் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வலி இதில் ஒரு பங்குதான். தெருமுனை மெக்கானிக்குக்கும் அந்த வேலை தெரியும்.

டிசிடி எடுப்பதாக இருந்தால் எக்ஸ்டெண்டட் வாரன்டியையும் விலையில் சேர்த்தே பேசுங்க. ஸ்டாண்டர்ட் வாரன்டி முடிவதற்குள் வாங்கணும், முடிந்த பிறகு அலைய வேண்டியிருக்கும். ஓட்டும்போது முன் வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக ஊராமல், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரே தடவையாக நகருங்க. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்காதீங்க, பிரேக்கை மிதிங்க.

தினசரி நெரிசல், ஆனாலும் டர்போ ஆசை விடவில்லை என்றால் டார்க் கன்வெர்ட்டர் வகையைப் பாருங்க. விர்டஸ், ஸ்லாவியாவின் 1.0 டிஎஸ்ஐயில் அது கிடைக்கும். அதே கார்களின் 150 பிஎஸ் 1.5 லிட்டர் இன்ஜினோடு வருவது டிஎஸ்ஜி. டார்க் கன்வெர்ட்டரில் கிளட்ச் உரசலுக்குப் பதில் திரவம் வழியாக சக்தி போவதால் ஊர்ந்து போவதை நன்றாகத் தாங்கும். கியர் மாறுவதில் டிசிடியின் அந்தத் துள்ளல் இருக்காது. ஏஎம்டி ரொம்ப மலிவு, ஆனால் ஸ்போர்ட்டி கார் ஆசைக்கு அது மருந்து இல்லை.

டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலி ரோட்டில் எடுக்காதீங்க. வேலை நாள் சாயங்காலம் ஆறரைக்கு, நீங்க தினமும் போகும் அதே ரோட்டில் கேளுங்க. இரண்டையும் ஓட்டுங்க. டிசிடியை ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் மெதுவாக ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்க, உதறுதா என்று தெரியும். மேனுவலில் அரை மணி நேரம் கழித்து இறங்கி நடக்கும்போது கால் என்ன சொல்லுது என்று கவனிங்க.

நான் இப்போ ஓட்டுவது மேனுவல். வீட்டிலிருந்தே வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் ஆபீஸ். கிண்டியில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் போன மாசம் நானே கூடப் போய் ஆட்டோமேட்டிக் புக் பண்ணிக் கொடுத்தேன், எக்ஸ்டெண்டட் வாரன்டியோடு.