புறச்சுவர்ப் பாசி அகற்றல்

புறச்சுவர்ப் பாசி அகற்றல் என்பது வீட்டின் வெளிச்சுவர், கைப்பிடிச்சுவர், ஓடு, தளம் ஆகியவற்றில் படரும் பாசியையும் பூஞ்சையையும் நீக்கும் பணியாகும். நீரை மிகுந்த வேகத்தில் பீய்ச்சுவது அழுத்தக் கழுவல் எனவும், மருந்துக் கரைசலைத் தெளித்து ஊறவைத்து மெல்ல அலசுவது மென்கழுவல் எனவும் கூறப்படும்.

தமிழகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சுவர்கள் கறுத்துவிடுகின்றன. இதைப் பலர் அழுக்கு என்றே எண்ணுகின்றனர். பெரும்பாலும் இது உயிருள்ள படலம்: நீலப்பச்சைப் பாசி, பச்சைப் பாசி, பூஞ்சை. வெயில் குறைந்த வடக்குச் சுவரிலும், சன்ஷேடின் கீழ் நீர் வடியும் தடத்திலும் முதலில் தோன்றும். கோடையில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். அதனால்தான் சுரண்டினால் மட்டும் போவதில்லை.

மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழ்க்குழாயில் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். வீட்டு உபயோக அழுத்தக் கழுவல் இயந்திரமோ 100 பார் அளவில் பீய்ச்சும். சிமென்ட் தரையும் கருங்கல் பாவிய வாசலும் அதைத் தாங்கும். சுண்ணாம்புக் காரை, பழைய செங்கல், நாட்டு ஓடு ஆகியவை தாங்கா. நீர் இணைப்புகளுக்குள் புகுந்து, உள்ளிருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். பிறகு சுவர் பொரிந்து உதிரும்.

வேகத்தின் கேட்டை நம் கோயில்களே காட்டுகின்றன. சுண்ணாம்புப் பூச்சை நீக்க, திருப்பணிகளில் காற்றழுத்தத்தால் மணலை வீசி அடிக்கும் முறை பரவியது. கல்லின் மேற்பரப்பு சொரசொரப்பாகி எழுத்துகள் மழுங்கியதால், இந்து சமய அறநிலையத் துறை அதைத் தடை செய்தது. கல்வெட்டின் ஆழம் சில மில்லிமீட்டரே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் குடவோலைச் செய்திகள் (919, 921) நிற்பது கோயிற்சுவரில்தான். காஞ்சி கைலாசநாதர் கோயில் போன்ற மணற்கல் கட்டடங்கள் இன்னும் மென்மையானவை.

வீட்டுச் சுவருக்கு மென்கழுவலே ஏற்றது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நீருக்கு 300 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கலந்தால் சுமார் 1 விழுக்காடு குளோரின் கிடைக்கும். நமத்துப்போன பவுடருக்கு வீரியம் இராது. கரைசல் தெளிந்ததும் மேல்நீரை மட்டும் எடுத்துச் சிறிது சோப்புத்தூள் சேர்த்து, கீழிருந்து மேலாகத் தெளித்து, 15 நிமிடம் ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து அலச வேண்டும். வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. இல்லையேல் ஊறும் முன்பே காய்ந்துவிடும். செடிகளை முன்னும் பின்னும் நன்கு நனைக்க வேண்டும். இரும்புக் கிரில் துருப்பிடிக்கும் என்பதால் உடனே கழுவ வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை இதனுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஆசிட்டைத் தனியே அடிப்பதும் தவறு, அது சிமென்டையே தின்னும்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கமும் ஒருவகையில் இதே வேலையைச் செய்தது. புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை (பி.எச். 12க்கு மேல்) பாசியைக் கொல்லும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது சுண்ணக்கல்லாக மாறும்போது காரம் குறைந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருந்தது. எமல்ஷன் பூசிய சுவருக்கு அந்தக் காரம் இல்லை.