நலிந்த கையும் நலியாத இசையும்

நரம்புக் கருவியை இசைப்பார்க்கு இரு கைகளும் இன்றியமையாதன. வலக்கை விரல்கள் நரம்பைத் தெறிக்க, இடக்கை விரல்கள் அதனை உரிய இடங்களில் அழுத்தும். அழுத்தும் இடத்திற்கேற்பச் சுரம் வேறுபடும். ஆதலால், இடக்கை வலிமை குன்றியவர் கிதார் போன்றதொரு கருவியைக் கையாளுதல் அரிது என்றே எவரும் எண்ணுவர். அக்குறையோடு இசைத்துறையிற் புகுந்து, அக்குறையின் காரணமாகவே புதியதொரு முறையை வகுத்துக்கொண்டவர் கனடா நாட்டுப் பாடகரும் பாடலாசிரியருமாகிய ஜோனி மிட்செல் அம்மையார் ஆவர்.

இவர் 1943-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், அல்பெர்ட்டா மாநிலத்துப் போர்ட் மெக்லியாட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராபர்ட்டா ஜோன் ஆண்டர்சன் என்பதாகும். இவர் வளர்ந்த ஊர் சஸ்காட்டுன். ஒன்பதாம் வயதில் இளம்பிள்ளை வாதம் இவரைப் பற்றியது. அந்நோய்க்குரிய தடுப்பூசி 1955-ஆம் ஆண்டிலேதான் பொதுமக்களுக்குக் கிட்டிற்று. அதற்கு முன்னர் நோயுற்ற சிறுவர் பலர் மீண்டும் நடக்க இயலாதவராயினர். மருத்துவமனைப் படுக்கையிற் கிடந்தவாறே பண்டிகைப் பாடல்களை உரக்கப் பாடியதாகப் பிற்காலத்தில் அம்மையாரே கூறியுள்ளார். நல்வினைப் பயனாக இவர்க்கு நடை மீண்டது. இடக்கையின் வலிமையோ முற்றும் மீளவில்லை.

இளமையில் இவர் விரும்பிய கலை ஓவியம். கால்கரி நகரத்துக் கல்லூரியில் அதனையே பயின்றார். ஆயினும், உகுலேலே என்னும் சிறு நரம்புக் கருவியை வாங்கிப் பழகத் தொடங்கிய நாள்முதல் இசை இவரை ஈர்த்துக்கொண்டது. பின்னர்க் கிதாரைத் தாமே முயன்று கற்றார்.

கிதாரின் ஆறு நரம்புகளுக்கும் சுருதி கூட்டும் முறை வழிவழியாக வரையறுக்கப்பட்டதாகும். அம்முறையில் இசைப்பவர் பல சுரங்களை ஒருங்கே எழுப்பவேண்டின், இடக்கையின் மூன்று நான்கு விரல்களை வெவ்வேறு நரம்புகளின்மேல் விரித்து அழுத்தவேண்டும். அம்மையாரின் விரல்கள் அதற்கு இணங்கவில்லை. எனவே, அவர் நரம்புகளின் சுருதியையே மாற்றி அமைத்தார். விரலால் அழுத்தாதபோதே ஆறு நரம்புகளும் இயைந்து ஒலிக்குமாறு சுருதி கூட்டிவிட்டால், ஒரு விரலைக் குறுக்கே வைத்து நகர்த்துவதனாலேயே பல இயைபுகள் பிறக்கும். இம்முறை அவர்க்கு முன்னரும் சிலரால் கையாளப்பட்டதே. ஆனால், அவரோ பாடலின் மனநிலைக்கு ஏற்பப் புதிய புதிய சுருதியமைப்புகளைத் தேடிச் சென்றார். அவர் பயன்படுத்தியவை ஐம்பதுக்கும் மேற்பட்டன. அவற்றிற் பிறந்த ஒலி, பிறர் கிதாரில் எளிதிற் கேட்கவியலாதது. மேடையில் ஒரு பாடல் முடிந்து மறு பாடல் தொடங்குமுன் நரம்புகளைத் திருத்தும் தொல்லை மட்டும் நெடுநாள் அவரை வருத்திற்று. 1995-ஆம் ஆண்டளவில் சுருதியைத் தானே மாற்றித் தரும் மின்னணுக் கருவி ஒன்று வந்தபின்னரே அத்தொல்லை குறைந்தது.

1968-ஆம் ஆண்டில் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. நாட்டுப்பாடலின் எளிமையும் ராக் இசையின் தாளமும் கலந்து ஒரு புதுநெறி உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த இசைத்தட்டாகிய ‘கிளவுட்ஸ்’ அவர்க்குக் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. 1971-இல் வெளிவந்த ‘புளூ’ என்னும் தொகுதியில் கிதாரோடு பியானோவையும், மடிமீது வைத்து மீட்டும் டல்சிமர் என்னும் கருவியையும் அவரே இசைத்தார். இசைத்தட்டு உறைகள் பலவற்றிற்குரிய ஓவியங்களையும் தாமே தீட்டினார்.

பெரும்புகழ் எய்திய ஒருவர் அப்புகழ் தந்த நெறியிலேயே நிற்றல் உலக இயல்பு. அம்மையார் அவ்வாறு நிற்கவில்லை. 1970-களின் இடைப்பகுதியில் ஜாஸ் இசையை நாடினார். நோய்வாய்ப்பட்டிருந்த ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் தாம் அமைத்த மெட்டுகளுக்குப் பாடல் எழுதுமாறு வேண்ட, அவர் இசைந்தார். மிங்கஸ் 1979 சனவரியில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய இசைத்தட்டு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. பழைய பாடல்களையே எதிர்பார்த்த இரசிகர் பலர் இம்மாற்றத்தை விரும்பவில்லை, விற்பனையும் குறைந்தது. அது கண்டும் அவர் பின்வாங்கினாரில்லை.

2015 மார்ச்சுத் திங்களில் மூளைக் குருதிக்குழாய் நோய் அவரைத் தாக்கியது. பேச்சும் நடையும் கிதார்ப் பயிற்சியும் ஒருங்கே அகன்றன. எழுபது வயது கடந்த அவர், குழந்தையைப்போல் யாவற்றையும் மறுபடியும் கற்க நேர்ந்தது. தம் பழைய நிகழ்ச்சிகளின் காணொளிகளைப் பார்த்து, விரல்களை எங்கெங்கு வைப்பது எனத் தம்மிடமிருந்தே தாம் பயின்றார். 2022 சூலையில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மேடையேறிப் பாடினார், கிதாரும் இசைத்தார். 1969-இல் அவ்விழாவிற் பாடியவர், ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அங்கே பாடியது கேட்டுப் பலர் கண்ணீர் உகுத்தனர். இளமையில் மிக உயர்ந்து ஒலித்த அக்குரல் இப்போது தாழ்ந்து கனத்திருந்தது. அக்கச்சேரியின் பதிவு 2024-இல் கிராமி விருது பெற்றது. அவ்விருது விழா மேடையில் அவர் முதன்முறையாகப் பாடியபோது அவர்க்கு வயது எண்பது.

இருமுறை நோய் அவர் கையை நலிவித்தது. முதன்முறை அவர் கருவியைத் தம் கைக்கேற்ப மாற்றிக்கொண்டார். மறுமுறை தம் கையைக் கருவிக்கு மீண்டும் பழக்கினார். இயலாதது எது, முயன்றால் இயல்வது எது எனத் தெளிந்து, அதற்குத் தக்க வழி தேடுவோர்க்கு உடற்குறை கலைக்குத் தடையாகாது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாக விளங்குகின்றது.