சாய்வான வாயிற்பாதையும் மோட்டார் வண்டியின் உயரமும்

மோட்டார் வண்டி உடையோர் பலர், சில ஆண்டுகள் கழிந்தபின் அதன் தொங்கலமைப்பைச் சீர்ப்படுத்த விரும்புகின்றனர். வண்டியின் உடலைச் சில்லுகளின்மேல் தாங்கும் விற்களும் அவற்றோடியைந்த உறுப்புகளுமே தொங்கலமைப்பு எனப்படும். வளைவுகளில் வண்டி ஒருபுறஞ் சாய்வதும், பள்ளத்தில் இறங்கியேறியபின் நெடுநேரம் ஊசலாடுவதும் இவ்விருப்பத்தைத் தூண்டுங் காரணங்களாம். அப்பொழுது பலர் நாடுவன வண்டியைத் தாழ்த்துங் குறுகிய விற்களேயாகும். சமதரையில் வாழ்வோர்க்கு அவை பொருந்தலாம். தெருவினின்றுஞ் செங்குத்தாய் ஏறும் வாயிற்பாதையை உடையோரோ, தம் வளவின் வாயிலிலேயே வண்டியின் அடிப்பாகம் உராயும் ஒலியைக் கேட்க நேரும். இவ்விடரின் இயல்பையும் அதனை நீக்கும் வழிகளையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அளவைகளை நோக்குவோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 2.6 மீற்றர் என்க. பாதையானது ஐந்துக்கு ஒன்று என்னுஞ் சாய்வில் ஏறி, முகட்டிலே சமதரையைச் சேர்கின்றது என்க. முன்சில்லு முகட்டைக் கடந்து 1.3 மீற்றர் சென்றுள்ள வேளையில், பின்சில்லு முகட்டுக்கு 1.3 மீற்றர் பின்னே சாய்விலே நிற்கும். ஆகவே பின்சில்லு முன்சில்லினும் ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கும். அவ்விரண்டும் தரையைத் தொடும் இடங்களை ஒரு நேர்கோட்டால் இணைப்பின், கோட்டின் நடுப்புள்ளி முகட்டுக்கு 13 சென்ரிமீற்றர் கீழே அமையும். அஃதாவது, முகடு அவ்வளவு தூரம் வண்டியின் நடுப்பாகத்தை நோக்கி எழுந்து நிற்கின்றது. அச்சிடைத் தூரத்தைச் சாய்வாற் பெருக்கி நான்கால் வகுத்தால் இவ்வளவு கிடைப்பதை மாணவர் எளிதிற் காண்பர்.

தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயர்ந்த அடிப்பாகத்தையுடைய வண்டி, 2 சென்ரிமீற்றர் எஞ்ச இம்முகட்டைக் கடக்கும். அதனை 3 சென்ரிமீற்றர் தாழ்த்தினாற் கடவாது. பாரம் ஏறியபோது விற்கள் மேலும் அமுங்குவதால், ஒருவர் தனித்துச் செல்லும்போது தப்பிய வண்டி, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும்போது முட்டுதல் கூடும். முட்டுவது வெறுந் தகடன்று. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியும் புகைக்குழாயும் அடியிலேயே உள்ளன. பல வண்டிகளில் பிரேக் குழாய்களும் அவ்வழியே செல்கின்றன. தொட்டி பிளந்து எண்ணெய் ஒழுகின் எஞ்சின் கெடும். பிரேக் குழாய் சிதையின் உயிருக்கே இடராம்.

வண்டியைத் தாழ்த்துவதாற் பயனே இல்லை என்பது எமது கருத்தன்று. ஈர்ப்புமையந் தாழ்தலால் வளைவிற் சாய்வு குறைகின்றது. ஆயினும் உடல் கீழ்நோக்கி அசைதற்குரிய இடமுங் குறைதலால், வில்லை விறைப்பாக்கவேண்டியுள்ளது. நிறையால் 25 சென்ரிமீற்றர் அமுங்கும் வில்லின்மேல் உடல் செக்கனுக்கு ஒருமுறை அலையும். 11 சென்ரிமீற்றர் மட்டும் அமுங்கும் விறைத்த வில்லின்மேல் ஒன்றரை முறை அலையும். அலைவு விரையுந்தோறும் பயணத்தின் மென்மை குன்றும்.

உயரத்தை மாற்றாமலே பெறத்தக்க நலன்கள் மூன்றுள. முதலாவது, பொறித்திருத்துவோர் ‘சொக் அப்சோபர்’ என வழங்கும் அதிர்வடக்கிகளைப் புதுப்பித்தல். இவற்றினுள்ளே எண்ணெய் நுண்டுளைகள் வழியே நெருக்கப்பட, அலைவின் சத்தி வெப்பமாகி ஒழிகின்றது. நெடுநேர ஊசலாட்டம் பெரும்பாலும் இவை தேய்ந்ததன் விளைவேயாம். இரண்டாவது, இடவலச் சில்லுகளை இணைக்கும் முறுக்குக்கோலைத் தடிப்பாக்குதல். ஒரு சில்லு உயர மற்றது தாழும்போதே அது தொழிற்படும். வண்டியின் நிறையைத் தாங்காமையால் உயரத்தை அது மாற்றாது. மூன்றாவது, தளர்ந்த பழைய விற்களை நீக்கி, ஆதி உயரத்தைத் தரும் விற்களையிட்டு, தேய்ந்த இறப்பர் இணைப்புகளை மாற்றுதல்.

தாழ்வும் உயர்வும் ஒரே வண்டியில் இயைந்ததும் உண்டு. 1955 ஆம் ஆண்டு பாரிசு நகரக் கண்காட்சியிற் சித்ரோயன் நிறுவனம் வெளியிட்ட டீ.எஸ். வண்டியிலே, உருக்கு விற்களுக்குப் பதிலாக, கோளங்களில் அடைக்கப்பட்ட நைதரசன் வாயு வில்லாயிற்று. பாரம் எவ்வளவாயினும், அழுத்தமேற்றிய திரவம் உடலை ஒரே உயரத்தில் வைத்தது. அதன் அச்சிடைத் தூரம் 3.125 மீற்றர், ஆதலால் மேற்கூறிய முகட்டிலே 16 சென்ரிமீற்றர்வரை இடைவெளி அதற்கு வேண்டியதாகும். சாரதி ஒரு நெம்பை அசைத்து வண்டியை உயர்த்தி இத்தகைய இடங்களைக் கடக்க வழியிருந்தது. இத்தகைய அமைப்பில்லாத வண்டிகளுக்கோ ஓருயரமே உண்டு. அதனை வாயிலே வரையறுக்கின்றது.

பாதையைத் திருத்துவதும் ஒரு வழியே. முகட்டையடுத்து மூன்று மீற்றர் நீளத்திற்குப் பத்துக்கு ஒன்று என்னுஞ் சாய்வை அமைப்பின், ஒரு பெரிய முகடு இரு சிறிய முகடுகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் எழுவது 6.5 சென்ரிமீற்றரே. இவ்விடைச்சாய்வு அச்சிடைத் தூரத்தினும் நீண்டிருத்தல் அவசியம். குறுகினால் இரு முகடுகளும் ஒருங்கே வண்டியின்கீழ் அகப்படும்.

ஆதலின் பணஞ் செலவிடுமுன் அளத்தலே தக்கது. அச்சிடைத் தூரத்துக்கு ஒத்த நேரான கழியொன்றின் நடுவை முகட்டில் வைத்து, இரு முனைகளும் தரைக்குச் சம உயரத்தில் நிற்குமாறு பிடித்து, அவ்வுயரத்தை அளக்க. பாரம் ஏற்றிய வண்டியின் அடிப்பாகம் அதனினுஞ் சில சென்ரிமீற்றராவது உயர்ந்திருத்தல் வேண்டும். எஞ்சும் இடைவெளியே வண்டியை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு எல்லை. எஞ்சுவது இல்லையாயின், உயரத்தைக் காத்துப் பிற உறுப்புகளைச் சீர்செய்வதே அறிவுடைமையாகும்.