சேஞ்ச்ஓவர் சுவிட்ச்: அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன

குழித்தறி மிதியால் இயங்குவது. அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஆயினும் விளக்கின்றிக் கோர்வை பிடிக்க இயலாது. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறியிலோ மின்சாரம் நின்றால் பூவேலையும் நின்றுவிடும். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயல் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்த துன்பத்தை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களை எண்ணித் தென்னேரி அங்கத்தினர் சிலர் சிறிய ஜெனரேட்டர் வாங்கி வைத்துள்ளனர். வாங்கியதில் தவறில்லை, அதை வீட்டு மின்சாரத்துடன் இணைக்கும் முறையிலேயே தவறு நேர்கின்றது.

அண்மையில் தணிக்கைக்குச் சென்றபோது, ஓர் அங்கத்தினர் இல்லத்தில் இருமுனையிலும் பிளக் பொருத்திய ஒயர் ஒன்றைக் கண்டோம். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரிலுள்ள பிளக் பாயிண்டில். வீடெங்கும் விளக்கு எரிந்தது. “மெயினை அணைத்துவிட்டுத்தான் போடுகிறோம், ஐயா” என்றார் அவர். “நீங்கள் ஊரில் இல்லாத இரவில், அதை அணைக்க வேண்டுமென்பது யாருக்கு நினைவிருக்கும்?” என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை.

மெயினை அணைக்க மறந்தால் நேர்வது யாது? தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர், 11,000 வோல்ட் மின்சாரத்தை வீட்டு அளவிற்குக் குறைத்துத் தருகின்றது. அதுவே எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஜெனரேட்டரின் 230 வோல்ட் அதனுட் பின்புறமாகப் புகுந்தால், மேற்கம்பியில் பல்லாயிரம் வோல்ட்டாக எழக்கூடும். மின்சாரம் நிறுத்தப்பட்ட கம்பி என்றெண்ணித் தொடும் லைன்மேன் உயிரிழக்க நேரும். ஜெனரேட்டர் ஓடும்போதே வாரியத்தின் மின்சாரம் திரும்பினாலோ, இரண்டும் மோதி ஜெனரேட்டர் எரிந்துபோகும். மேலும், அந்த ஒயரின் ஒரு முனை கழன்றால், வெளியே நீட்டியிருக்கும் பித்தளைக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைவிட ஆபத்தானது வேறில்லை.

இவற்றைத் தடுப்பதே சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அதன் கைப்பிடி ஒரு நிலையில் வாரியத்தின் மின்சாரத்தையும், மற்றொரு நிலையில் ஜெனரேட்டரையும் வீட்டுடன் இணைக்கும். நடுநிலையில் இரண்டும் துண்டிக்கப்பட்டிருக்கும். ஒன்றை விட்ட பின்னரே மற்றொன்றைப் பற்றும். மனிதன் மறந்தாலும் சுவிட்ச் மறவாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டுவன:

முதலாவது, முனைகள். ஒரு ஃபேஸ் உள்ள வீட்டிற்கு இரண்டு முனைச் சுவிட்ச் வேண்டும்; ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே மாற வேண்டும். மும்முனை மின்சாரத்தில் பம்புசெட் ஓட்டும் விவசாயிகளுக்கு நான்கு முனை ஏற்றது. எர்த் ஒயரைச் சுவிட்சின் வழியே விடாது, தொடர்ச்சியாக வைக்க வேண்டும். ஜெனரேட்டரில் ஃபேஸ்களின் வரிசை மாறினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும்; அதையும் முன்னரே சோதித்துக் கொள்க.

இரண்டாவது, ஆம்பியர். 2.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தருவது ஏறத்தாழ 11 ஆம்பியரே. ஆயினும் மற்ற நாட்களில் வீட்டின் மின்சாரம் முழுவதும் இச்சுவிட்சின் வழியாகவே செல்லும். ஆகவே ஜெனரேட்டரைப் பார்த்து அளவு கொள்ளலாகாது. மெயின் 32 ஆம்பியர் எனில் சுவிட்சும் அதற்குக் குறையாதிருக்க வேண்டும். மெயின் 40 ஆம்பியர் எனில் 40 அல்லது 63 ஆம்பியர் சுவிட்ச் வாங்குக.

மூன்றாவது, கையால் திருப்புவதா, தானே மாறுவதா என்பது. கயிறு இழுத்து இயக்கும் ஜெனரேட்டருக்கு ஒருவர் எழுந்து செல்லத்தான் வேண்டும். அங்குத் தானியங்கிச் சுவிட்சால் பெரும்பயன் இல்லை. கைச்சுவிட்சே போதும். இன்வெர்ட்டரில் தானே மாறும் அமைப்பு உள்ளேயே இருக்கின்றது; அதைச் சேஞ்ச்ஓவருக்குப் பின்னர் இணைத்தால், ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரியும் நிரம்பும். ஜெனரேட்டரின் சுமையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக் கொள்க.

எந்தச் சுவிட்சாயினும் இந்தியத் தர நிர்ணய முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டே அதைப் பொருத்துக. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறும். ஆதலால் குழிக்கு அப்பால், உலர்ந்த சுவரில், நெஞ்சளவு உயரத்தில் அது இருக்கட்டும். எந்நிலை எதற்கு என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுக. வாரியத்தின் மின்சாரம் திரும்பியதைக் காட்டும் சிறு விளக்கொன்றைச் சுவிட்சுக்கு முன்னால் அமைத்துக் கொள்க. ஜெனரேட்டரின் புகை உயிர்க்கொல்லி. அதனை வீட்டினுள்ளோ திண்ணையிலோ ஒருபோதும் ஓட்டலாகாது.

சுவிட்சின் விலை ஜெனரேட்டர் விலையில் ஒரு சிறு பகுதியே. புயலுக்கு மறுநாள் நமக்காகக் கம்பத்தில் ஏறுபவரும் ஒரு வீட்டின் பிள்ளை. அவர் உயிரைச் சிக்கனத்திற்கு ஈடாக வைத்தல் தகாது. முற்கூறிய அங்கத்தினர் இல்லத்திற்கு அடுத்த மாதம் சென்றோம். சுவரில் புதிய சுவிட்ச் இருந்தது. அந்த ஒயரை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டதாக அவரே கூறினார். மற்ற அங்கத்தினர்களும் அவ்வாறே செய்வார்களாக.